சாவா மூவாப் பேராடு

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், நந்தியெம்பெருமானை வணங்குகிறார்கள், பெருவுடையாரைத் தொழுது, வாராகி சந்நிதியில் சற்று நின்று திரும்புகிறார்கள். விமானத்தின் அடிப்பகுதியில், நம் கண்ணுக்கு நேராக, வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளின் முன் நிற்போர் சிலரே. நின்று படிக்க முயல்வோரும் அவற்றில் துதிப்பாடல்களை எதிர்பார்த்து ஏமாறுவதுண்டு. ஏனெனில் அவ்வெழுத்துகளில் பெரும்பகுதி கணக்கு.

1010ஆம் ஆண்டில் விமானத்தின் உச்சிக்குக் கலசம் அளித்த இராசராச சோழன், தான் கொடுத்தவை, தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். பொன்னும் மணியும் எடை பிசகாமல் குறிக்கப்பட்டன. பொன்னை எடை பார்த்த கல்லுக்குப் பெயர் ஆடவல்லான். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமானின் திருநாமம். அளவையில் பொய் சொல்பவன் இறைவன் பெயரில் பொய் சொன்னவனாகிறான் என்பதை அக்காலத்தவர் உணர்ந்தே அப்பெயரை வைத்தார்கள் என்று அடியேன் எண்ணிக்கொள்வதுண்டு.

திருமஞ்சன நீரில் இடும் ஏலரிசிக்கும் செண்பக மொட்டுக்கும்கூட அங்கே தனிக் கணக்கு உண்டு. அதற்கென ஒரு தொகையை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைத்தார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில்தான் ஏலமும் செண்பகமும் வாங்கப்பட்டன. முதலை எவரும் தொடுவதில்லை.

விளக்குக்கும் இதே ஏற்பாடுதான். ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகளை ஓர் ஆயரிடம் ஒப்படைப்பார்கள். ஆடு இல்லையேல் 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். ஆயர் மந்தையை மேய்த்து நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடுகள்! ஆடு சாகாதா? சாகத்தான் செய்யும். குட்டிகள் பிறந்து வளர்ந்து அவ்விடத்தை நிரப்பும். எண்ணிக்கை மட்டும் என்றும் 96 ஆகவே இருக்க வேண்டும். பசி வந்த நாளில் ஆயர் பத்து ஆட்டை விற்றுத் தின்றுவிட்டால், அன்று விளக்கு அணைவதில்லை. சில ஆண்டு கழித்து, ஏன் என்று தெரியாமலே அணையும்.

இதனை இவ்வாரம் எழுத நேர்ந்ததற்கு ஒரு நண்பரே காரணம். அவருடைய ஒப்புதலோடு, பெயரை விடுத்து எழுதுகிறேன்.

கும்பகோணத்தில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் இல்லம். வயது 71. பிரதோஷத்துக்குத் தவறாமல் வருபவர் தொடர்ந்து மூன்று பிரதோஷங்களுக்கு வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று தேடிச் சென்றேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. வற்புறுத்திக் கேட்டபின், தலையைக் குனிந்தபடி, "குருக்கள் தட்டை நீட்டும்போது கை கூசுகிறது. வெறுங்கையாக எப்படி வருவது?" என்றார்.

இறைவன் தட்டைப் பார்ப்பதில்லை என்று அவருக்கு நான் சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும். நாற்பது ஆண்டு தட்டில் இட்டுப் பழகிய கை, ஒரு நாள் நின்றுபோகும்போது அடையும் துயரத்துக்கு அந்த உபதேசம் மருந்தாகாது.

வியப்பு என்னவென்றால், அவர் பணி செய்ததே கணக்கராக. ஒரு தனியார் நூற்பாலையில் பேரேடு எழுதியவர். ஐந்து காசு ஒத்துவராவிட்டால் இரவு பதினொரு மணிவரை அலுவலகத்தை விட்டு எழாதவர். தம் இல்லத்துக்கு மட்டும் ஒரு நாளும் கணக்கு எழுதியதில்லை. "வீட்டில் கணக்கு எழுதினால் அம்மா, மனைவி, பிள்ளை எல்லாரையும் பற்று வரவில் நிறுத்துவது போல் இருந்தது" என்றார். நம்மில் பலருக்கு இதே கூச்சம் உண்டு. கணக்குப் பார்ப்பது பாசத்துக்குக் குறைவு என்று நினைக்கிறோம்.

ஓய்வு பெற்றபோது வைப்புநிதியும் பணிக்கொடையுமாக அவருக்குக் கிடைத்தது 21 இலட்சம் ரூபாய். அதில் இன்று மிஞ்சியிருப்பது 14 இலட்சம். எஞ்சிய ஏழும் வீணாகவில்லை. சொந்த ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு இலட்சம், மகன் வீடு வாங்க முன்பணமாக மூன்று இலட்சம், மகள் வயிற்றுப் பேத்தியின் கல்லூரிக்கு இரண்டு இலட்சம். எதனைத் தவறென்று சொல்வது? ஆனால் மூன்றுக்கும் அவர் எடுத்தது நெய்யை அன்று, ஆட்டை.

14 இலட்சத்தையும் 2023இல் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டிருந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அதன் வட்டி 8.2 விழுக்காடாக உயர்ந்தது. ஒருவர் இடக்கூடிய உச்சவரம்பும் 30 இலட்சமாயிற்று. இட்ட நாளில் உள்ள வட்டியே ஐந்தாண்டுக்கும் நிலைக்கும். அவருக்கு ஆண்டுக்கு 1,14,800 ரூபாய், மாதக் கணக்கில் 9,567. தொழிலாளர் ஓய்வூதியம் மாதம் 2,780. மாடி வாடகை 6,500. ஆக வரவு மாதம் 18,847 ரூபாய்.

செலவு எவ்வளவு என்று கேட்டேன். "பதினேழு, பதினெட்டுக்குள் அடங்கும்" என்றார். அடங்குமானால், வங்கிச் சேமிப்புக் கணக்கில் இருந்த கையிருப்பு ஏன் கரைந்தது? தீபாவளிக்கு முன் அம்மையாரின் இரண்டு வளையல்கள் நகைக்கடனுக்கு ஏன் போயின? இந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அஞ்சலக முதலீட்டையே முடித்துப் பணத்தை எடுத்துவிடலாமா என்பதுதான் அவர் எண்ணமாக இருந்தது. இரண்டாண்டு கடந்து, ஐந்தாண்டுக்கு முன் முடித்தால் முதலில் ஒரு விழுக்காடு, அதாவது 14,000 ரூபாய், பிடித்தம் ஆகும். "அது போனால் போகட்டும்" என்றார். எனக்குத் திக்கென்றது.

அப்போதுதான் அம்மையார் உள்ளே சென்று ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். அதனுள் நாட்காட்டியில் கிழித்த தாள்கள், மாதம் மாதமாக நூல் கோத்துக் கட்டியவை. ஒவ்வொரு தாளின் பின்புறமும் அன்றன்றைய செலவு. பால், கீரை, பூ, ஆட்டோ, மாத்திரை, வளைகாப்புக்கு வைத்த மொய், குழாய் பழுதுபார்த்தவருக்குக் கொடுத்தது. பதினான்கு மாதத் தாள்கள். "இவர் கேட்டால் காட்டலாம் என்றுதான் எழுதி வந்தேன், அண்ணா. இவர் கேட்கவே இல்லை" என்றார்.

கணக்கர் தம் மனைவியின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஒரு நீண்ட கணக்கு நோட்டும் கண்ணாடியும் எடுத்து வந்தார்.

அன்று மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை மூவரும் அமர்ந்து எழுதினோம். அன்பர்கள் தத்தம் இல்லத்தில் செய்து பார்க்க வேண்டும் என்பதால் அதனைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

முதலில் மாதந்தோறும் வரும் செலவு. மளிகை, பால், காய்கறிக்கு 8,200. மருந்து 4,600. எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக்கு 1,900. வீட்டுவேலை செய்பவருக்கு 1,200. பூவுக்கும் கோயிலுக்கும் 900. போக்குவரத்து 700. கூட்டினால் 17,500. நண்பர் சொன்னது சரிதான்! வரவில் 1,347 ரூபாய் மிஞ்சவேண்டும்.

மிஞ்சாத காரணம் அடுத்த பக்கத்தில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை மட்டும் தலைகாட்டும் செலவுகள் அவை. தந்தையார் திதி, தாயார் திதி இரண்டுக்கும் 18,000. தீபாவளி 10,000. நவராத்திரிக் கொலு 4,000. பொங்கல் 3,000. குலதெய்வம் கோயில் பயணம் 6,000. சொத்து வரியும் தண்ணீர் வரியும் 5,400. வீட்டுப் பழுது 8,000. மொய், சீர், அன்பளிப்பு 9,600. கண், இரத்தப் பரிசோதனைகள் 8,000. மொத்தம் 72,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,000!

இவை எதிர்பாராத செலவுகளா? தந்தையார் திதி எந்த மாதம், எந்தப் பட்சம் என்பது நமக்குத் தெரியாதா? தீபாவளி ஐப்பசியில் வரும் என்பது பஞ்சாங்கத்தில் இல்லையா? நாள் தெரிந்த செலவை 'திடீர்ச் செலவு' என்று சொல்லும் பழக்கம் நம் இல்லங்களில் எப்படியோ படிந்துவிட்டது. ஆகவே உண்மையான மாதச் செலவு 17,500 அன்று, 23,500. வரவைக் கழித்தால் மாதந்தோறும் 4,653 ரூபாய் துண்டு விழுகிறது.

நண்பர் பென்சிலை எடுத்து ஓரத்தில் வேறொரு கணக்குப் போட்டார். கைவிட்டுப் போன ஏழு இலட்சத்துக்கு 8.2 விழுக்காடு வட்டி எவ்வளவு? மாதம் 4,783 ரூபாய். துண்டு விழும் தொகையை அடைத்து, நூறு ரூபாய்க்கு மேல் மீதமும் இருந்திருக்கும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை.

நான் தஞ்சைக் கல்வெட்டுச் செய்தியைச் சொன்னது அப்போதுதான். 14 இலட்சத்தை 96 ஆடாகக் கொண்டால் ஓர் ஆடு 14,583 ரூபாய். ஆண்டுக்குத் துண்டு விழுவது 55,836. ஏறத்தாழ நான்கு ஆடுகள். ஆடு குறையக் குறைய நெய் குறையும்; நெய் குறைவதால் அடுத்த ஆண்டு இன்னும் அதிகமாக ஆட்டை விற்க நேரும். விலைவாசி சிறிதும் ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பதினான்கு ஆண்டுகளில் மந்தை தீர்ந்துவிடும். அப்போது நண்பருக்கு 85 வயது. அம்மையாருக்கு 81.

திருவள்ளுவர் வருவாய் வழியையும் செலவு வழியையும் பற்றிச் சொன்ன குறளை, பொருள் சேர்க்கும் அதிகாரத்தில் வைக்கவில்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்தில், பகைமேல் செல்லும் மன்னன் தன் வலிமையை அளந்துகொள்ளும் இடத்தில் வைத்தார். வரும் வழி சிறிதானாலும், போகும் வழி அகலாதவரை கேடில்லை என்பது அவர் கருத்து. வரவை எழுதிப் பார்ப்பதே ஒருவர் தம் வலிமையை அறிந்துகொள்வது என்பதை அன்று இரவு நண்பரின் முகத்தில் கண்டேன். தொகை குறைவுதான். ஆனால் இருளில் தடவிக்கொண்டிருந்தவர் முதல்முறையாகச் சுவர் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

இன்னொன்றும் அப்போது புலப்பட்டது. அஞ்சலக வட்டி மாதந்தோறும் வருவதில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் நாளில் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 28,700 ரூபாயாக வருகிறது. அக்டோபரில் வந்தது நவராத்திரியிலும் தீபாவளியிலும் கரைந்து, மார்கழியில் பொங்கல் பிரசாதத்துக்குக் கொடுக்கவும் கையில் இருப்பதில்லை. வந்த தொகையைத் தனிக் கணக்கில் விட்டுவைத்து, மாதம் 9,567 மட்டுமே எடுப்பது என்று முடிவாயிற்று. சிறு செயல்தான். தம் முப்பத்தைந்து ஆண்டுப் பணிக்காலத்தில் மாதச் சம்பளம் வாங்கிய மனிதருக்கு மீண்டும் மாதச் சம்பளம் வந்தது போலாயிற்று.

அடுத்து, எதைக் குறைப்பது? நண்பர் உடனே பூவுக்கும் கோயிலுக்கும் ஒதுக்கிய 900 ரூபாயைச் சுழித்தார். அம்மையார் நோட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதைத் தொடாதீர்கள். நீங்கள் கோயிலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த ஒன்றரை மாதம் போதும்" என்றார். அடியேனுக்கும் அதுவே சரியெனப் பட்டது. துண்டு விழுவது 4,653. கோயில் செலவு முழுவதையும் நிறுத்தினாலும் அது அடையாது. மனம் மட்டும் உடையும். குறைக்க வேண்டியவை பெரும்பாலும் நாம் பெருமைக்காகச் செய்பவை. நாம் முதலில் கைவைப்பதோ நமக்கு உயிரானவற்றில்.

மருந்தில் பெருந்தொகை மிஞ்சியது. இருவருடைய மருந்துச் சீட்டுகளையும் மருத்துவரிடம் காட்டி, அவர் ஒப்புதல் பெற்று, அதே மூலமருந்தை மக்கள் மருந்தகத்தில் வாங்கினார்கள். 4,600 இருந்தது 2,700 ஆயிற்று. மருத்துவர் ஒரு மாத்திரையை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார், அதனை மாற்றவில்லை. மாடி வாடகை ஆறு ஆண்டாக உயராமல் இருந்தது. குடியிருப்பவரே ஒப்புக்கொண்டு 700 ரூபாய் கூட்டித் தந்தார். யாரும் பார்க்காத தொலைக்காட்சி இணைப்பு ஒன்றை நிறுத்தியதில் 350. மொய்யும் அன்பளிப்பும் பாதியாயின, மாதத்துக்கு 400. தீபாவளியில் 3,000 குறைந்தது, மாதத்துக்கு 250.

திதிச் செலவில் கைவைக்க நண்பர் மிகவும் தயங்கினார். பெற்றோருக்குச் செய்வதில் குறைப்பதா? ஆனால் 9,000 ரூபாய் எதற்கு ஆகிறது என்று எழுதியபோது, புரோகிதர் தட்சணையும் தானமும் அதில் சிறு பங்கே. இருபது உறவினருக்குச் சமையல்காரர் வைத்துச் செய்த விருந்துதான் பெரும்பகுதி. சிராத்தம் என்னும் சொல்லே சிரத்தையிலிருந்து பிறந்தது. சாத்திரம் விதித்த தானத்தில் ஒரு காசும் குறைக்காமல், விருந்தை வீட்டாரோடு நிறுத்திக்கொண்டால் 4,500இல் முடியும் என்று அம்மையார் கணக்குக் காட்டினார். இரண்டு திதிக்கும் சேர்த்து மாதம் 750 ரூபாய். "அத்தைக்கு என் கையால் சமைத்த அவியல்தான் பிடிக்கும். சமையல்காரர் அவியல் பிடிக்காது" என்று அவர் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டார்.

இவை எல்லாம் சேர்ந்து 4,350. இன்னும் 303 ரூபாய் இடித்தது. குலதெய்வம் கோயிலுக்கு வாடகைக் காரை விடுத்து இரயிலில் சென்றால் அதுவும் அடையும் என்றார் நண்பர். அம்மையாரின் முழங்கால் அதற்கு இடம் தராது. அதனை அப்படியே விட்டுவிட்டோம்.

கும்பாபிஷேக நன்கொடையைப் பற்றி நண்பர் ஒன்று கேட்டார்: "கோயிலுக்குக் கொடுத்ததும் பிழைதானா?" கொடுத்தது பிழையன்று. ஆனால் நம் முன்னோர் கொடுத்த முறையை நாம் பாதிதான் பின்பற்றுகிறோம். தேவைக்கு மேல் இருந்தவர்கள் முதலைக் கொடுத்தார்கள். அளவாக வாழ்ந்தவர்கள் கைம்மாறு கருதாமல் விளைவில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். இரண்டு இலட்சத்தை இதே திட்டத்தில் இட்டு, அதன் வட்டியை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கோயிலுக்குக் கொடுத்திருந்தால் ஆண்டுக்கு 16,400 ரூபாய். ஒரு கட்டளையாகவே நடத்தியிருக்கலாம். முதலும் வீட்டில் இருந்திருக்கும். ஓய்வு பெற்ற கையோடு பெருந்தொகையைப் பார்க்கும்போது எழும் தாராளத்தை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். அத்தொகையை இருபத்தைந்து ஆண்டுச் சம்பளம் ஒரே நாளில் வந்ததாகக் கருத வேண்டும். அந்நாளில் எவரும் அப்படிக் கருதுவதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

நோட்டில் மூன்றாவதாக ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அதனை எழுத எந்த இல்லத்திலும் மனம் வராது. 'ஒருவர் மட்டும் இருந்தால்' என்று தலைப்பு. நண்பர் மறுத்தார். அம்மையார், "எழுதுங்கள். எனக்குத் தெரியவேண்டும்" என்றார்.

நண்பருக்குப் பின் அவர் ஓய்வூதியத்தில் பாதி மனைவிக்கு வரும், 1,390 ரூபாய். அஞ்சலகக் கணக்கு கணவன் மனைவி கூட்டுக் கணக்காக இருந்தாலோ, மனைவி ஒருவரே நாமினியாக இருந்தாலோ அவர் அதே வட்டியில் தொடரலாம். வாடகை அப்படியே வரும். செலவோ பாதியாகாது. அடுப்பும் மின்விளக்கும் சொத்து வரியும் ஒருவருக்கென்று குறைவதில்லை. அம்மையார் பொறுமையாகக் கூட்டிப் பார்த்து, "நான் இருந்துகொள்ளலாம்" என்றார். அந்தச் சொற்களுக்கு முன் அவர் எத்தனை இரவுகள் விழித்திருந்தாரோ, நமக்குத் தெரியாது.

நாமினி பெயர்களைச் சரிபார்க்க மறுநாள் நண்பர் பாஸ்புத்தகங்களை எடுத்துப் புறப்பட்டார். அஞ்சலகத்தில் மனைவி பெயர் இருந்தது. பழைய வங்கிக் கணக்கு ஒன்றில் நாமினி அவருடைய தாயார். அவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டாகிறது. அன்பர்களும் இவ்வாரமே தத்தம் பாஸ்புத்தகங்களைப் பார்த்துவிடுங்கள். ஒரே வங்கியில் பெருந்தொகை வைத்திருப்போர், வைப்புநிதிக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரைதான் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

மகனிடம் சொல்வதா என்பதில்தான் இருவரும் ஒத்துப்போகவில்லை. அவன் சென்னையில் இருக்கிறான். அப்பாவிடம் நிறையப் பணம் இருப்பதாகவே எண்ணியிருந்தான். இவரும் அந்த எண்ணத்தைக் காத்து வந்தார். "கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா?" என்பது அவர் வாதம். கேட்க வேண்டாம், தெரிந்தால் போதும் என்பது அம்மையார் வாதம். பொங்கலுக்கு மகன் வந்தபோது நோட்டு கூடத்து மேசைமேல் திறந்தபடி கிடந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை அவ்வீட்டில் எவரும் கேட்கவில்லை. மகன் காபி குடித்துக்கொண்டே ஒரு பக்கம் புரட்டினான். பின் கண்ணாடி அணிந்து முதலிலிருந்து படித்தான். விடுமுறை முடிந்து வங்கி திறந்த நாளில் அவன் வளையல்களை மீட்டு வந்து தாயார் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டான். அன்று முதல் மாதம் 2,000 ரூபாய் அனுப்புகிறான். அதில் அந்த 303 போக, மிகுதி மருத்துவமனைச் செலவுக்கென்று தனிக் கணக்கில் சேர்கிறது.

நாட்காட்டித் தாள்களுக்கு இப்போது வேலை இல்லை. நோட்டை அம்மையாரே எழுதுகிறார். ஒவ்வொரு மாதமும் முதல் வரி விளக்கெண்ணெய்க்கும் திரிக்கும். இரண்டாம் வரி மருந்துக்கு. மாதக் கடைசியில் நண்பர் கூட்டிச் சரிபார்க்கிறார். பழைய குணம் போகவில்லை. சென்ற பிரதோஷத்தன்று நான் அழைக்கச் சென்றபோது, பத்து ரூபாய் ஒத்துவரவில்லை என்று மூன்றாம் முறையாகக் கூட்டிக்கொண்டிருந்தார். அம்மையார் சமையலறையிலிருந்தே, "அது கோயில் வாசலில் பூக்காரக் கிழவிக்குக் கொடுத்தது. எழுத மறந்துவிட்டேன். நேரமாகிறது, கிளம்புங்கள்" என்றார். நண்பர் அதனை எழுதி, அடியில் கோடிட்டு, சட்டைப்பையில் சில்லறை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.